வேதிப்பிணைப்பு: பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

வேதிப்பிணைப்புப் பாடத்தில் எழும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. "அணுவுக்கு எட்டு எலக்ட்ரான் வேண்டும், அதனால் பிணைகிறது" என்ற வரி மனதில் பதிந்துவிடுகிறது. முதல் சில பக்கங்களுக்கு அது உதவும். அப்புறம் ஒவ்வொரு திருப்பத்திலும் இடிக்கும். என் காதில் அடிக்கடி விழுந்த கேள்விகளை, கேட்ட பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆற்றல் பற்றி வரும் எண்கள் எல்லாம் ஒரு மோலுக்கு இத்தனை கிலோஜூல் என்ற கணக்கு. பின்னங்களை விட்டுவிட்டு முழு எண்ணாகத் தந்திருக்கிறேன்.

அணுக்கள் எதுக்கு ஒண்ணோட ஒண்ணு சேரணும்? தனியா இருந்தா என்ன?

சேர்ந்தால் மொத்த ஆற்றல் குறைகிறது. காரணம் அவ்வளவுதான். இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவில் இருக்கும்போது ஒவ்வொரு எலக்ட்ரானையும் அதன் சொந்த உட்கரு மட்டுமே இழுக்கிறது. அருகில் வந்ததும் ஒவ்வொரு எலக்ட்ரானையும் இரண்டு உட்கருக்களும் இழுக்கத் தொடங்குகின்றன. அதே நேரத்தில் உட்கருவும் உட்கருவும் ஒன்றையொன்று விலக்கும், எலக்ட்ரானும் எலக்ட்ரானும் விலக்கும்.

இழுப்பு மிஞ்சி நிற்கும்வரை அணுக்கள் நெருங்கிக்கொண்டே வரும். ஹைட்ரஜனில் 74 பிக்கோமீட்டர் இடைவெளியில் ஆற்றல் அடிமட்டத்தைத் தொடுகிறது. தனித்தனி அணுக்களாக இருந்ததைவிட அங்கே 436 குறைவு. அதற்கும் கிட்டே நெருக்கினால் விலக்கு விசை மேலோங்கி ஆற்றல் மறுபடி ஏறிவிடும். அந்த இடைவெளியைத்தான் பிணைப்பு நீளம் என்கிறோம். இந்தப் பதிலில் எட்டு என்ற எண் எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

எல்லா எலக்ட்ரானும் பிணைப்புல கலந்துக்குமா?

இல்லை. உள்கூடுகளில் இருப்பவை உட்கருவோடு இறுகிக் கிடக்கின்றன. வெளிக்கூட்டில் இருப்பவைதான் கலந்துகொள்ளும். அவற்றுக்கு இணைதிறன் எலக்ட்ரான்கள் என்று பெயர். சோடியத்தின் அமைப்பு 2, 8, 1 என்றால் அந்தக் கடைசி 1 மட்டும் கணக்கில் வரும். குளோரின் 2, 8, 7. அதில் 7. இரும்பு, செம்பு போன்ற இடைநிலைத் தனிமங்களில் கொஞ்சம் சிக்கல் உண்டு, பின்னால் பார்ப்போம்.

எட்டுதான் ஏன்? ஏழோ பத்தோ ஏன் இல்ல?

கூட்டுக்குள் எலக்ட்ரான்கள் தங்கும் இடங்களை ஆர்பிட்டால் என்கிறோம். வெளிக்கூட்டில் எஸ் ஆர்பிட்டால் ஒன்று, பி ஆர்பிட்டால்கள் மூன்று. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 2 எலக்ட்ரான்கள் அடங்கும். ஆக 2, 6, மொத்தம் 8. நியானில் இந்த நான்கும் நிரம்பிவிட்டன. ஒன்பதாவதாக ஓர் எலக்ட்ரான் வந்தால் அது அடுத்த கூட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே உட்கருவின் இழுப்பை உள்ளிருக்கும் எலக்ட்ரான்கள் மறைத்துவிடுகின்றன. இருப்பதில் ஒன்றைப் பிடுங்குவதும் கடினம்: நியானிலிருந்து ஒரு எலக்ட்ரானை எடுக்க 2081 தேவை. பக்கத்து வீட்டுச் சோடியத்திலிருந்து எடுக்க 496 போதும். கூட்டவும் லாபம் இல்லை, குறைக்கவும் லாபம் இல்லை என்ற நிலைதான் எட்டின் சிறப்பு. முதல் கூட்டில் எஸ் ஆர்பிட்டால் மட்டுமே இருப்பதால் ஹைட்ரஜனுக்கு அந்த எண் 2.

"மூன்றாவது கூட்டில் 18 கொள்ளுமே, ஆர்கான் ஏன் எட்டோடு நிற்கிறது?" என்று கூர்மையான பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கூட்டின் டி ஆர்பிட்டால்களுக்கு ஆற்றல் அதிகம்; பொட்டாசியத்தில் அடுத்த எலக்ட்ரான் அவற்றை விட்டுவிட்டு நான்காவது கூட்டின் எஸ் ஆர்பிட்டாலுக்குப் போகிறது. அதனால் ஆர்கானிலும் எட்டே ஓர் இயல்பான நிறுத்தம்.

1916-இல் ஜெர்மனியில் கோசெலும் அமெரிக்காவில் லூயிஸும் தனித்தனியே இந்தச் சிந்தனையை வெளியிட்டார்கள். கோசெல் எலக்ட்ரான் கைமாறுவதைப் பேசினார். லூயிஸ் இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இரட்டையைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றார். 1919-இல் லாங்மியூர் அதை விரிவாக்கி, எட்டின் பெயராலேயே வழங்கச் செய்தார். அப்போது குவாண்டம் இயக்கவியல் பிறக்கவே இல்லை. சேர்மங்களின் வாய்பாடுகளை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

தனக்கு எட்டு வேணும்னு அணுவுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. அணுவுக்கு ஆசையும் இல்லை, குறிக்கோளும் இல்லை. "சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது" என்று வகுப்பில் சொல்வதுண்டு. பேச்சுக்குச் சரி. ஆனால் அப்படி விரும்பினால் 496 கிலோஜூல் செலவழித்துப் பிடுங்க வேண்டியதில்லையே, தானாகவே விட்டிருக்கும்.

இதைவிட நல்ல உதாரணம் ஆக்சிஜன். ஒற்றை ஆக்சிஜன் அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது 141 வெளிவருகிறது. இப்போது வெளிக்கூட்டில் 7. இன்னும் ஒன்று வந்தால் எட்டு நிரம்பிவிடும். ஆனால் எதிர்மின்சுமை பெற்றுவிட்ட அந்த அயனிக்குள் இரண்டாவது எலக்ட்ரானைத் திணிக்கச் சுமார் 744 செலவாகிறது. எட்டை எட்டும் படியில்தான் அவ்வளவு பெரிய செலவு! தனியாக விட்டால் அந்த ஆக்சைடு அயனி நிற்காது, எலக்ட்ரானை உதறிவிடும். ஆக்சைடு அயனியை நிலைக்க வைப்பது அதைச் சுற்றி நிற்கும் நேர்மின் அயனிகள். எட்டு நிரம்பியது மட்டுமே காரணம் என்று எழுதினால் பாதிக் கதை விடுபட்டுப்போகும்.

சரி, சோடியம் விருப்பப்பட்டுக் கொடுக்கலைன்னா உப்பு எப்படித்தான் உண்டாகுது?

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். சோடியம் உலோகத்திலிருந்து அணுக்களைத் தனியே பிரிக்க 108. குளோரின் மூலக்கூறை உடைத்து ஒரு மோல் அணு எடுக்க 121. சோடியத்தின் எலக்ட்ரானைப் பிடுங்க 496. இதுவரை செலவு 725. குளோரின் அணு அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349 தான். இன்னும் 376 நட்டம். இரண்டு அயனிகளுக்கும் எட்டு நிரம்பிய பிறகும் நட்டம்.

அந்த நட்டத்தை அடைப்பது படிகக்கூடு. எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று இழுத்து வரிசையாக அடுக்கிக்கொள்ளும்போது 787 வெளிவருகிறது. கழித்தால் 411 மிச்சம். சோடியமும் குளோரினும் சேரும்போது வரும் வெப்பம் அதுதான். அயனிப் பிணைப்பு என்பது எலக்ட்ரான் கைமாறுவது என்று நிறுத்திவிடாதீர்கள். கைமாறுவது முன்னேற்பாடு, அயனிகளுக்கு இடையிலான கவர்ச்சியே பிணைப்பு.

இதோடு ஒட்டி இன்னொன்று. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு விளையும்போது இந்தக் கணக்கு நடப்பதில்லை. கடல்நீரில் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் ஏற்கெனவே அயனிகளாகவே மிதக்கின்றன. வெயிலில் நீர் போகப் போக அவை படிகமாக அடுக்கிக்கொள்கின்றன, அவ்வளவுதான். அங்கே எந்த எலக்ட்ரானும் கைமாறவில்லை.

சோடியம் ஒண்ணுதான் கொடுக்குது, மக்னீசியம் ஏன் ரெண்டு கொடுக்குது? சோடியமும் ரெண்டு கொடுத்தா என்ன?

சோடியத்தின் இரண்டாவது எலக்ட்ரானை எடுக்க வேண்டுமானால் நிரம்பிய உள்கூட்டில் கை வைக்க வேண்டும். அதற்கு 4562. எந்தப் படிகமும் அந்தச் செலவை ஈடுகட்டாது. மக்னீசியத்தில் முதல் எலக்ட்ரானுக்கு 738, இரண்டாவதற்கு 1451. இரண்டும் வெளிக்கூட்டில் இருப்பவை. மூன்றாவதற்கு 7733 என்று ஒரே தாவலாகத் தாவுகிறது. அங்கே நின்றுவிடுகிறது.

மக்னீசியம் ஒன்றோடு நிற்காமல் இரண்டாவதையும் ஏன் இழக்கிறது என்றால், பதில் மறுபடியும் படிகம்தான். அயனிகளின் மின்சுமை 1-லிருந்து 2 ஆனால் கவர்ச்சி பல மடங்கு கூடும். மக்னீசியம் ஆக்சைடின் படிகக்கூடு ஆற்றல் சுமார் 3800. இரண்டு எலக்ட்ரானைப் பிடுங்கிய செலவையும், ஆக்சிஜனுக்குள் திணித்த செலவையும் அது தாண்டிவிடுகிறது. சோடியம் குளோரைடு 801 டிகிரி செல்சியஸில் உருக, மக்னீசியம் ஆக்சைடு 2800 டிகிரிக்கு மேல்தான் உருகும். உலைகளின் உட்சுவருக்கு அதைப் பயன்படுத்துவது இதனால்தான்.

ஒரு உப்பு மூலக்கூறுன்னா எது?

உப்புக் கல்லுக்குள் அப்படி ஒன்று இல்லை. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் அயனிகள். யாருக்கு யார் ஜோடி என்று பிரிக்க முடியாது. வாய்பாடு சொல்வது ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை மட்டும்.

எப்போ கொடுத்து வாங்கும், எப்போ பங்கு போட்டுக்கும்?

கொடுப்பதற்கான செலவைப் பாருங்கள். கார்பனின் நான்கு வெளி எலக்ட்ரான்களையும் பிடுங்க 14,000-க்கும் மேல் ஆகும். கட்டுப்படியாகாது. நான்கை வாங்கிக்கொண்டு நான்கு எதிர்மின்சுமையைத் தாங்குவதும் சிரமம். அதனால் கார்பன் பங்கிடுகிறது. அதுதான் சகப்பிணைப்பு. குளோரினும் குளோரினும் சேரும்போது இருவருக்கும் இழுவை சமம். ஒன்று மற்றொன்றிடமிருந்து பறிக்க வழியே இல்லை.

பிணைப்பில் உள்ள எலக்ட்ரானை அணு தன் பக்கம் இழுக்கும் திறனுக்கு எலக்ட்ரான் கவர்தன்மை என்று பெயர். இரண்டு அணுக்களுக்கு இடையே அதன் வித்தியாசம் 1.7-க்கு மேல் போனால் அயனிப் பிணைப்பு என்று ஒரு கோடு போட்டுக் கொடுப்பார்கள். தோராயத்துக்கு நல்லது, சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹைட்ரஜனுக்கு 2.20, ஃபுளூரினுக்கு 3.98, வித்தியாசம் 1.78. ஆனாலும் ஹைட்ரஜன் ஃபுளூரைடு தனித்தனி மூலக்கூறுகளாகவே இருக்கிறது, 20 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. உண்மையில் முழு அயனிக்கும் முழுப் பங்கீட்டுக்கும் நடுவே சுவர் ஏதும் இல்லை. ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சரிவாகப் போகிறது.

பங்கு போட்ட எலக்ட்ரானை ரெண்டு பக்கமும் எண்ணுறோமே, இது கள்ளக்கணக்கு இல்லையா?

மிக நல்ல கேள்வி. குளோரின் மூலக்கூறில் வெளி எலக்ட்ரான்கள் மொத்தம் 14 தான். ஆனால் ஒவ்வொரு அணுவுக்கும் எட்டு என்று 16 கணக்குக் காட்டுகிறோம். பங்கிட்ட இரண்டும் இரண்டு முறை எண்ணப்படுகின்றன.

முதல் பதிலுக்குத் திரும்பிப் போங்கள். அந்த இரண்டு எலக்ட்ரான்களையும் இரண்டு உட்கருக்களும் மெய்யாகவே இழுக்கின்றன. இரண்டுக்கும் நடுவே எலக்ட்ரான் அடர்த்தி கூடுகிறது. இரண்டு அணுக்களின் வெளி ஆர்பிட்டால்களும் நிரம்பிய நிலைக்கு வந்துவிடுகின்றன. இருபக்கமும் எண்ணுவது அந்த நிலையைக் காட்டும் முறை. மின்சுமையைக் கணக்கிடும்போது இப்படி எண்ணக் கூடாது. அப்போது ஆளுக்கொன்றாகப் பிரித்துத்தான் எண்ண வேண்டும். இந்த இரண்டு எண்ணிக்கைகளையும் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு அயனிகளின் லூயிஸ் அமைப்பு (வெளி எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வரையும் படம்) தப்பாக வருகிறது.

பங்கு சமமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. தண்ணீரில் ஆக்சிஜன் பக்கம் எலக்ட்ரான்கள் அதிகம் சாய்ந்திருக்கின்றன. அதனால் ஆக்சிஜனில் சிறிது எதிர்மின்தன்மை, ஹைட்ரஜன்களில் சிறிது நேர்மின்தன்மை.

காத்துல இவ்வளவு நைட்ரஜன் இருந்தும் செடிக்கு ஏன் உரம் போடறோம்?

நைட்ரஜன் அணுவுக்கு வெளியே 5. எட்டாக மூன்று குறைகிறது. இரண்டு நைட்ரஜன்களும் மூன்று இரட்டைகளைப் பங்கிட்டு முப்பிணைப்பு கொள்கின்றன. அதை உடைக்க 945 வேண்டும். ஆக்சிஜனின் இரட்டைப் பிணைப்புக்கு 498, குளோரினின் ஒற்றைப் பிணைப்புக்கு 242. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் நேரடியாக எடுக்க முடியாததன் காரணம் இந்த 945. வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் நொதியின் துணையோடு அதை உடைக்கின்றன. உர ஆலைகளில் ஹேபர் முறையில் இரும்பு வினைவேக மாற்றியோடு, 400 டிகிரிக்கு மேலான வெப்பத்திலும் மிகை அழுத்தத்திலும் உடைக்கிறோம்.

பிணைப்பை உடைச்சாத்தானே ஆற்றல் வெளிய வரும்?

பிளஸ் டூ முடித்தவர்களிடமும் இந்த எண்ணம் இருக்கிறது. உடைப்பதற்கு எப்போதும் செலவு, உருவாகும்போதுதான் வரவு. கிணற்றுக்குள் கிடக்கும் கல்லை மேலே தூக்க நாம்தான் உழைக்க வேண்டும், அது விழும்போதுதான் ஆற்றல் வெளிவரும். பிணைந்த அணுக்கள் கிணற்றுக்குள் கிடப்பவை.

மீத்தேன் எரிவதைப் பாருங்கள். நான்கு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளை உடைக்க 4 × 413 = 1652. இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகளை உடைக்க 2 × 498 = 996. செலவு 2648. கார்பன் டை ஆக்சைடில் இரண்டு பிணைப்புகள், 2 × 799 = 1598. இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளில் நான்கு பிணைப்புகள், 4 × 463 = 1852. வரவு 3450. மிச்சம் 802. அடுப்பைச் சூடாக்குவது அந்த 802.

உயிரியல் பாடத்தில், செல்களுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி-யின் "உயர் ஆற்றல் பிணைப்பு" உடைந்து ஆற்றல் தருகிறது என்று படிப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. அங்கேயும் ஏடிபி தண்ணீரோடு வினைபுரிந்து, முன்பு இருந்ததைவிட நிலையான பொருள்களாக மாறுவதால்தான் ஆற்றல் மிஞ்சுகிறது.

தண்ணி கொதிக்கும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரியுதா?

பிரிவதில்லை. ஆவியிலும் அதே தண்ணீர் மூலக்கூறுதான். ஒரு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க 463 வேண்டும். தண்ணீரை 100 டிகிரியில் ஆவியாக்கச் சுமார் 41 போதும். அந்த 41 செலவாவது மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையே உள்ள கவர்ச்சியை வெல்வதற்கு. மேலே சொன்ன மின்சாய்வால் ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனை அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜன் இழுக்கிறது. இதைத்தான் ஹைட்ரஜன் பிணைப்பு என்கிறோம்.

ரெண்டு எலக்ட்ரானையும் ஒரே அணு கொடுத்தா அது பங்கீடா?

பங்கீடுதான். அம்மோனியாவில் நைட்ரஜனிடம் பிணைப்பில் சேராத ஓர் இரட்டை இருக்கிறது. எலக்ட்ரானே இல்லாத ஹைட்ரஜன் அயனி அருகில் வந்தால், நைட்ரஜன் அந்த இரட்டையைப் பொதுவில் வைக்க, அம்மோனியம் அயனி உருவாகிறது. இதற்கு ஈதல் சகப்பிணைப்பு என்று பெயர். உருவான பிறகு நான்கு பிணைப்புகளும் ஒரே மாதிரி. எது ஈதலால் வந்தது என்று யாராலும் காட்ட முடியாது. அம்புக்குறி போடுவது எலக்ட்ரான் வந்த வழியைச் சொல்ல மட்டும்.

செம்புக் கம்பியில எட்டு எங்க இருக்கு?

தேடாதீர்கள், கிடைக்காது. உலோகத்தில் வெளி எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட இரண்டு அணுக்களுக்கு நடுவே நிற்பதில்லை. படிகம் முழுவதும் பரவி, எல்லா அயனிகளையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. மின்சாரம் கடத்துவதும், அடித்தால் உடையாமல் தகடாவதும் இதனால்தான். இடைநிலைத் தனிமங்களின் அயனிகளுக்கும் எட்டு பொருந்தாது. இரும்பு மூன்று எலக்ட்ரான்களை இழந்தால் அதன் மூன்றாவது கூட்டில் 13 இருக்கும், இரண்டை இழந்தால் 14. இரண்டுமே நன்றாக நிலைக்கின்றன.

எட்டு இல்லாத மூலக்கூறுகள் எல்லாம் நிலையில்லாததா?

இல்லவே இல்லை. போரான் டிரைஃபுளூரைடில் போரானைச் சுற்றி 6 தான். அதை வாயு உருளையில் அடைத்து விற்கிறார்கள். ஆனால் அந்தக் குறை வேதிவினையில் தெரியும்: தனித்த இரட்டை வைத்திருக்கும் அம்மோனியாவைக் கண்டால் சேர்ந்துகொள்ளும், ஈதல் கேள்வியில் சொன்னது போலவே. நைட்ரிக் ஆக்சைடில் 5, 6 சேர்ந்து 11 வெளி எலக்ட்ரான்கள். ஒற்றைப்படை என்பதால் எப்படிப் போட்டாலும் எட்டும் எட்டும் வராது. நம் இரத்தக் குழாய்கள் விரிவதற்கான சைகையாக உடலே அதை உண்டாக்குகிறது. இதைக் கண்டறிந்தவர்களுக்கு 1998-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

கந்தக ஹெக்ஸாஃபுளூரைடில் கந்தகத்தைச் சுற்றி ஆறு பிணைப்புகள், 12 எலக்ட்ரான்கள். உயர் மின்னழுத்தச் சாதனங்களில் மின்காப்பு வாயுவாகப் போடும் அளவுக்கு அது அசையாத பொருள். கந்தகத்தின் டி ஆர்பிட்டால்கள் உதவுவதால் இப்படி என்று பாடநூல் விளக்கம் சொல்லும். தேர்வில் அதையே எழுதுங்கள். பிற்காலக் கணக்கீடுகள் டி ஆர்பிட்டால்களின் பங்கு மிகச் சிறியது என்று காட்டுகின்றன. கந்தகம் பெரிய அணு, ஆறு ஃபுளூரின்களுக்கு இடம் இருக்கிறது. எலக்ட்ரான்கள் ஃபுளூரின் பக்கம் பலமாகச் சாய்ந்திருக்கின்றன.

மந்த வாயு எதோடயும் சேராதுன்னு படிச்சோமே?

1962 வரை எல்லாரும் அப்படித்தான் படித்தார்கள். கனடாவின் வான்கூவரில் நீல் பார்ட்லெட் என்ற வேதியியலாளர், பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிடமிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடுவதைக் கண்டார். ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுக்க 1165 வேண்டும். மந்த வாயுவான செனானுக்கு 1170. கிட்டத்தட்ட ஒன்றுதான்! ஆக்சிஜனிடம் பறிக்க முடிந்தால் செனானிடமும் பறிக்க முடிய வேண்டும் என்று நினைத்தார். செனானையும் பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளூரைடின் செந்நிற ஆவியையும் கலந்ததும், சாதாரண வெப்பநிலையிலேயே மஞ்சள் கலந்த செம்மஞ்சள் நிறத் திண்மம் உண்டானது. இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்த்ததில் ஒரு பாடமே திருத்தப்பட்டது. பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு மிகப் பிடித்த கதை இது.

ஆக்சிஜனுக்கு எட்டு சரியா வருது, எல்லாம் ஜோடியா இருக்கு. அப்புறம் ஏன் காந்தம் இழுக்குது?

புள்ளிகளை வைத்து ஆக்சிஜன் மூலக்கூறை வரைந்தால் அழகாக வரும். நடுவில் இரட்டைப் பிணைப்பு, ஆளுக்கு எட்டு, எல்லாம் இரட்டை இரட்டையாக. ஆனால் சுமார் மைனஸ் 183 டிகிரியில் திரவமாகும் வெளிர்நீல ஆக்சிஜனை வலுவான காந்தத்தின் முனைகளுக்கு நடுவே ஊற்றினால் அங்கேயே ஒட்டித் தொங்குகிறது. ஜோடி சேராத எலக்ட்ரான் இருந்தால்தான் அப்படி நடக்கும். ஆக, எட்டு சரியாக வந்த இடத்திலும் படம் தப்பு.

விடை மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கையில் இருக்கிறது. 1929-இல் லெனார்ட்-ஜோன்ஸ் இந்த வழியில்தான் ஆக்சிஜனின் காந்தத்தன்மையை விளக்கினார். எலக்ட்ரான்கள் மூலக்கூறு முழுவதற்கும் சொந்தமான ஆர்பிட்டால்களில் நிரம்புகின்றன. ஆக்சிஜனின் 12 வெளி எலக்ட்ரான்களில் 8 பிணைப்பை வலுப்படுத்தும் ஆர்பிட்டால்களிலும், 4 அதைத் தளர்த்தும் ஆர்பிட்டால்களிலும் போகின்றன. கடைசி இரண்டுக்கு ஒரே ஆற்றல் கொண்ட இரண்டு ஆர்பிட்டால்கள் காலியாக இருப்பதால், ஹுண்ட் விதிப்படி ஆளுக்கொன்றில் தனியாக உட்கார்ந்துகொள்கின்றன. காந்தம் இழுப்பது அந்த இரண்டைத்தான். எட்டிலிருந்து நான்கைக் கழித்து இரண்டால் வகுத்தால் பிணைப்புத் தரம், அதாவது பிணைப்புகளின் எண்ணிக்கை, 2. லூயிஸ் போட்ட இரட்டைக் கோடு சரியாகவே இருக்கிறது. எலக்ட்ரான்களை ஜோடி சேர்த்த விதம்தான் பொருந்தவில்லை.